நினைவகக் கசிவும் நினைவகத் தூர்வும்: கணினிப் பின்னணிச் சேவைகளின் நோய்நாடலும் கலைச்சொல் பொருத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் இடையறாது இயங்கும் பின்னணிச் சேவைகளில் தோன்றும் ஒரு குறைபாடு தமிழில் ‘நினைவகக் கசிவு’ என வழங்கப்படுகிறது. ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பாகிய இத்தொடர், நினைவகத்திலிருந்து ஏதோ ஒன்று வெளியேறுவதாகப் பொருள் தருகிறது. நிகழ்வதோ அதற்கு மாறானது. வெளியேற வேண்டியவை வெளியேறாமல் தங்கிவிடுகின்றன. ஏரி தூர்ந்துபோவதைக் குறிக்கப் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் வழங்கும் சொற்களைக் கொண்டு இக்குறைபாட்டை விளக்குவதும், தொல்காப்பிய உவமக் கோட்பாட்டின்வழி இரு சொற்களின் பொருத்தத்தை ஆராய்வதும், 1992ஆம் ஆண்டிலும் 2012ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த இரு முறிவுகளின் துணையோடு நோய்நாடும் முறையை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச் சொற்கள்: நினைவகக் கசிவு, தூர்வு, பின்னணிச் சேவை, உவமம், நோய்நாடல், கலைச்சொல்லாக்கம், சொல்வடிவம்.

முன்னுரை

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய நூலகம் முதலிய மின்னூல் முயற்சிகளுக்குப் பின்னர், தமிழாய்வு பெருமளவு கணினியைச் சார்ந்து நடைபெறுகிறது. சொல்லடைவு தேடுதல், அச்சுப் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றுதல், சந்திப் பிழை திருத்துதல் ஆகிய பணிகளை ஆய்வாளர் ஒரு பக்கத்தைத் திறந்து செய்துகொள்கிறார். அப்பக்கத்திற்குப் பின்னால் இரவும் பகலும் இயங்கும் சேவைகள் அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவற்றுள் ஒன்று நின்றுபோகும்போதுதான் அப்படியொன்று இருந்தது என்பதே தெரியவருகிறது.

நின்றுபோன சேவையை மீண்டும் தொடங்கினால் அது முன்போல இயங்குகிறது. சில வாரங்கள் கழித்து மறுபடியும் நிற்கிறது. மீண்டும் தொடங்கப்படுகிறது. இச்சுழற்சி பல இடங்களில் இயல்பான பராமரிப்பாகவே கருதப்பட்டுவிடுகிறது. உண்மையில் இது ஒரு நோயின் குறி. அந்நோயின் பெயரே அதனைத் தவறாக உணர வைக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். துறைசார் தரவகங்களைப் பேணும் பொறுப்பு தமிழாய்வாளர்களிடமும் வந்துசேர்ந்துள்ள இக்காலத்தில், குறைபாட்டை உள்ளவாறு அறிந்து தொழில்நுட்பரிடம் எடுத்துரைக்கும் சொல்வளம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

1. பின்னணிச் சேவையின் இயல்பு

ஒருவர் தட்டச்சுச் செயலியைத் திறக்கிறார். எழுதி முடித்து மூடுகிறார். மூடியவுடன் அச்செயலி பெற்றிருந்த நினைவகம் முழுவதையும் இயக்குதளம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனவே அச்செயலியில் நினைவகத்தைத் திருப்பித் தராத பிழை இருந்தாலும், சிறிது நேரமே இயங்குவதால் அது பெரும்பாலும் வெளிப்படுவதில்லை.

பின்னணிச் சேவை இதனின்று வேறுபட்டது. கணினி இயங்கத் தொடங்கும்போது தானும் தொடங்கி, கணினி அணைக்கப்படும் வரை அது இயங்குகிறது. அதற்குத் திரையில் சாளரம் இல்லை. எதிரே அமர்ந்து பார்ப்பவரும் இல்லை. கோரிக்கை வரும்போது செயற்பட்டு, மற்ற நேரங்களில் காத்திருக்கிறது. யூனிக்ஸ் மரபில் இதற்கு ‘டீமன்’ என்று பெயர். அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 1963இல் தொடங்கிய மேக் திட்டத்தினர், இயற்பியலாளர் மாக்சுவெல் கற்பனை செய்த கண்காணா ஏவலாளை நினைந்து இப்பெயரை இட்டனர். சொன்ன வேலையை மறைந்திருந்து முடிக்கும் ஆவியைத் தமிழ் நாட்டார் வழக்கு ‘ஏவல்’ எனக் குறிப்பது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

நீண்ட ஆயுள், காண்பார் இன்மை ஆகிய இரண்டும் சேர்ந்தே சிறு பிழையைப் பெருங்கேடாக்குகின்றன. ஒவ்வொரு கோரிக்கையிலும் நூறு பைட்டு நினைவகம் திரும்பாமல் போனால், பத்துக் கோரிக்கைக்கு அது பொருட்டன்று. கோடிக் கோரிக்கைக்கு அது 100 கோடி பைட்டு, ஏறத்தாழ ஒரு கிகாபைட்டு ஆகும்.

2. பெறுதலும் திருப்பித் தருதலும்

கணினியின் முதன்மை நினைவகம், வேலை நடக்கும்போது தரவுகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ் ஒருங்குறிக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம்பெறும். ‘தமிழ்’ என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளால் ஆவதால் 15 பைட்டு கொள்கிறது. ஒரு சேவையிடம் இச்சொல்லைத் தேடுமாறு கேட்டால், சொல்லை வைக்க, விடையை அடுக்க, இணைப்பைப் பேண எனப் பல சிறு இடங்களை அது இயக்குதளத்திடமிருந்து பெறுகிறது. விடையளித்தபின் அவ்விடங்களை விடுவிக்க வேண்டும்.

சி போன்ற மொழிகளில் விடுவிக்கும் கட்டளையை நிரலர் தாமே எழுத வேண்டும். ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் அப்பொறுப்பை மொழியின் இயக்கச் சூழல் ஏற்றுக்கொள்கிறது. ‘குப்பை சேகரிப்பு’ எனப்படும் இம்முறையை ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக வகுத்து 1960இல் வெளியிட்டார். இம்முறை உள்ள மொழிகளில் நினைவகக் கசிவே நேராது என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது முழுவதும் சரியன்று. காரணம், சேகரிப்பான் ஒரு பொருள் இனித் தேவைப்படுமா என்று பார்ப்பதில்லை. அப்பொருளை எட்டுவதற்கு நிரலில் வழி உண்டா என்று மட்டுமே பார்க்கிறது. எட்டக்கூடியது தேவையற்றதாயினும் தங்கிவிடும்.

ஆகவே இக்குறைபாடு இருவகைப்படும். முதலாவது, இடம் பெறப்பட்டது. அதன் முகவரியைத் தாங்கிய சுட்டி தொலைந்தது. இனி அதை விடுவிக்க எவராலும் இயலாது. இரண்டாவது, சுட்டி தொலையவில்லை, விடப்படவும் இல்லை, பயன் முடிந்த பொருளை நிரலின் ஏதோ ஒரு பகுதி பற்றிக்கொண்டே இருக்கிறது. நூலகத்தில் எடுத்துச் சென்றவர் பெயர்ப் பதிவு தொலைந்துபோன நூல் முதல்வகைக்கும், பதிவு ஒழுங்காக இருந்தும் படித்து முடித்தவர் மேசையிலேயே கிடக்கும் நூல் இரண்டாம் வகைக்கும் ஒப்பாகும். இரண்டிலும் அடுத்த வாசகருக்கு நூல் இல்லை. ஆனால் இரண்டையும் கண்டுபிடிக்கும் வழி வேறு.

3. கசிவா, தூர்வா: உவமப் பொருத்தம்

கலைச்சொற்கள் பலவும் உவமையிலிருந்து பிறக்கின்றன. உவமம் தோன்றும் வகைகளாக வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கைத் தொல்காப்பியம் பொருளதிகாரத்து உவமவியல் வகுக்கிறது. இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு ‘கசிவு’ என்னும் சொல்லை ஆராயலாம்.

கசிவின் வினை, உள்ளிருப்பது சிறிது சிறிதாக வெளியே செல்லுதல். கணினியில் எதுவும் வெளியே செல்வதில்லை. மெய்யாகிய வடிவிலும் ஒப்புமை இல்லை. கசியும் கலம் வெறுமையாகும், இங்கோ கலம் நிரம்புகிறது. உரு, நிறம் பற்றியதாதலின் கட்புலனாகாத நினைவகத்துக்கு அது பொருந்தாது. எஞ்சுவது பயன் ஒன்றே. கசியும் குடத்தில் பயன்படுத்தத்தக்க நீர் குறைவதுபோல, இங்குப் பயன்படுத்தத்தக்க நினைவகம் குறைகிறது. ஆங்கிலச் சொல்லும் இப்பயன் ஒப்புமை ஒன்றைப் பற்றியே எழுந்ததாகக் கொள்ளலாம்.

பயனுவமமாக இச்சொல் நிற்கட்டும் என விட்டுவிட முடியாத நிலை தமிழில் உண்டு. ‘தகவல் கசிவு’, ‘வினாத்தாள் கசிவு’ என்பன செய்தித்தாள்களில் நிலைபெற்ற வழக்குகள். அவற்றில் கசிவு என்பது மறைபொருள் வெளியாருக்குச் சேர்தல். ‘நினைவகக் கசிவு’ எனக் கேட்கும் ஒருவர், கணினியில் சேமித்தவை பிறர் கைக்குப் போய்விட்டன எனக் கொள்வது இயல்பு. கடவுச்சொல்லை மாற்றுவதும், பிணைய இணைப்பைத் துண்டிப்பதும் அப்பொருள்கோளிலிருந்து பிறக்கும் மருந்துகள். அவை இந்நோய்க்குச் சற்றும் தொடர்பில்லாதவை.

இனி ஏரிக்கு வருவோம். அரும்பாவூர் பச்சைமலை அடிவாரத்தில், வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள ஊர். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களால் அறியப்படும் இவ்வூர், ஏரிப்பாசனத்தையும் உடையது. மலைச்சரிவிலிருந்து வரும் மழைநீர் மண்ணையும் உடன்கொண்டு வருகிறது. ஓட்டம் தணியும் இடத்தில் மண் அடியில் படிகிறது. ஆண்டுதோறும் படியும் இவ்வண்டலால் ஏரியின் கொள்ளளவு சுருங்குகிறது. கரையின் உயரம் மாறவில்லை. கலிங்கின் மட்டம் மாறவில்லை. நீர் வழக்கமான குறியைத் தொட்டு நிற்கிறது. பார்வைக்கு ஏரி நிறைந்திருக்கிறது. ஆனால் முன்பு ஒரு போகத்துக்குப் போதிய நீர் இப்போது பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. சிறு மழைக்கே கலிங்கு வழிகிறது. இதனை ‘ஏரி தூர்ந்துவிட்டது’ என்கிறோம். பேச்சில் ‘தூந்துபோச்சு’ என்பது வழக்கு.

இவ்வழக்கினை அதே அளவுகோலால் நோக்கினால், வினை பொருந்துகிறது: வந்தது போகாமல் படிதல். பயன் பொருந்துகிறது: பயன்கொள்ளும் அளவு குறைதல். மெய்யும் பொருந்துகிறது: மொத்தக் கொள்கலம் மாறாதிருக்க, அடியிலிருந்து இடம் அடைபடுதல். எனவே நான்கனுள் மூன்று வகைகளில் ‘தூர்வு’ ஒப்புமை உடையதாகிறது.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. ஏரியின் வண்டல் வயலுக்கு உரமாகும். விடுவிக்கப்படாத நினைவகத்தால் யாருக்கும் பயனில்லை. வண்டல் வெளியிலிருந்து வருவது. நினைவகத் தூர்வோ சேவை தானே கேட்டுப் பெற்ற இடம். இவ்வேறுபாடுகள் நோய்நாடலுக்குத் தடையாவன அல்ல. மாறாக, தூர்வு என்னும் சொல் சரியான வினாவை எழுப்புகிறது. கசிவு என்றால் ‘எங்கே ஓட்டை?’ என்று தேடத் தோன்றும். தூர்வு என்றால் ‘எது படிகிறது? எவ்வழியே வருகிறது? ஏன் போகவில்லை?’ என்று கேட்கத் தோன்றும்.

4. பதிவான இரு நிகழ்வுகள்

4.1 இலண்டன், 1992

இலண்டன் மருத்துவ அவசர ஊர்திச் சேவை 1992 அக்டோபர் 26ஆம் நாள் கணினிவழி ஊர்தி அனுப்பும் அமைப்புக்கு மாறியது. முதல் இரு நாட்களிலேயே ஏற்பட்ட குழப்பத்தால், கணினியும் கையெழுத்து முறையும் கலந்த ஏற்பாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. நவம்பர் 4ஆம் நாள் பின்னிரவில் அமைப்பு மெதுவாகி முற்றிலும் நின்றது. 1993 பிப்ரவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கை இதன் காரணத்தைத் தெளிவுபடுத்தியது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன் செய்த ஒரு திருத்தத்தின்போது, நிரலர் ஒருவர் நிரல்துண்டு ஒன்றை உள்ளேயே விட்டிருந்தார். ஓர் ஊர்தியை அனுப்ப ஆணை பிறக்கும் ஒவ்வொரு முறையும் அத்துண்டு கோப்புச் சேவையகத்தின் நினைவகத்தில் சிறிது இடத்தைப் பெற்றது, திருப்பித் தரவில்லை. மூன்று வாரத்தில் இடம் தீர்ந்தது.

இங்குக் கவனிக்கத் தக்கவை இரண்டு. ஒன்று, தூர்வு நாட்கணக்கில் வளரவில்லை. ஊர்தி ஆணையின் எண்ணிக்கையில் வளர்ந்தது. மற்றொன்று, வழக்கமான சோதனைகளில் இப்பிழை அகப்பட வாய்ப்பில்லை என அறிக்கையே கருதியது. சில மணி நேரச் சோதனையில் சேரும் தூர் கண்ணுக்குத் தெரியாத அளவினது.

4.2 வட வர்ஜீனியா, 2012

2012 அக்டோபர் 22ஆம் நாள் அமேசான் நிறுவனத்தின் வட வர்ஜீனியா தரவு மையங்களில் சேமிப்புச் சேவை ஒன்று தடுமாறியது. அதனைச் சார்ந்திருந்த பல இணையதளங்கள் முடங்கின. நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தின்படி, மூலகாரணம் முதன்மைச் சேவையில் இல்லை. ஒவ்வொரு சேமிப்புச் சேவையகத்திலும் பின்னணியில் இயங்கி, இயக்கநிலைத் தகவல்களைத் திரட்டி அனுப்பும் சிறு முகவர் நிரல் ஒன்றில் பிழை உறங்கிக் கிடந்தது.

அதற்கு முந்திய வாரம், அத்தகவல்களைப் பெற்றுவந்த கணினிகளுள் ஒன்று பழுதாகி மாற்றப்பட்டது. அதன் புதிய முகவரி உள்ளகப் பெயர்ச் சேவையகங்கள் அனைத்துக்கும் சென்று சேரவில்லை. எனவே சில சேமிப்புச் சேவையகங்களின் முகவர் நிரல்கள், இல்லாத கணினியைத் தொடர்பு கொள்ள விடாது முயன்றன. தோல்வியுற்ற முயற்சிகளின்போது பெற்ற நினைவகம் சிறிது சிறிதாகத் தங்கியது. தகவல் சில வராமற்போவதை அவ்வமைப்பு பொறுத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருந்ததால், எச்சரிக்கை எதுவும் எழவில்லை. அச்சேவையகங்கள் வாடிக்கையாளர் தரவுக்காக எப்போதுமே நினைவகத்தை நிறையப் பயன்படுத்துவன என்பதால், மொத்த அளவைக் கண்காணித்தும் தூர்வு பிரித்தறியப்படவில்லை. ஏரி நிறைந்தே இருந்தது. நிறைந்திருந்தது நீரா மண்ணா என்பது தெரியவில்லை.

முன்னையதில் வெற்றி பெற்ற ஒவ்வொரு வினையும் தூர் விட்டுச் சென்றது. பின்னையதில் தோல்வியுற்ற வினைகள் தூர் விட்டுச் சென்றன. பிழை நேரும் வழியில் விடுவிப்பு மறக்கப்படுதல் இக்குறைபாட்டின் மிகப் பரவலான பிறப்பிடங்களுள் ஒன்று. எல்லாம் நன்றாக நடக்கும் வழியை நிரலர் பலமுறை ஓட்டிப் பார்க்கிறார். தோல்வி வழியை அரிதாகவே பார்க்கிறார்.

5. நோய்நாடும் முறை

திருக்குறள் மருந்து அதிகாரம், மருத்துவர்க்கு ஒரு வரன்முறையை வகுத்துக் காட்டுகிறது. நோய் இன்னதென அறிதல் முதற்படி. அதன் காரணம் அறிதல் இரண்டாவது. தணிக்கும் வழி அறிதல் மூன்றாவது. அதன் பின்னரே பிழையாமல் செய்தல். மறுதொடக்கத்தை முதல் மருந்தாகக் கொள்ளும் வழக்கம் முதல் மூன்றையும் தாண்டி நான்காவதற்குச் செல்வதாகும். இவ்வரன்முறையைப் பின்பற்றிக் கீழ்வரும் படிகள் அமைக்கப்படுகின்றன.

5.1 நோய் அறிதல்

நினைவகம் குறைவாக இருப்பது தனியே நோயாகாது. லினக்ஸ் இயக்குதளம், படித்த கோப்புகளின் படிகளைப் பயன்படாத நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. வேறு செயல்முறை கேட்டால் உடனே விட்டுத்தருகிறது. ஆகவே ‘வெற்று நினைவகம்’ என்னும் எண்ணை விடுத்து, ‘கிடைக்கக்கூடிய நினைவகம்’ என்னும் எண்ணை நோக்க வேண்டும்.

அடுத்து, ஐயத்துக்குரிய செயல்முறை முதன்மை நினைவகத்தில் உண்மையாகப் பிடித்திருக்கும் அளவைக் குறித்த இடைவெளியில், எடுத்துக்காட்டாக மணிக்கொரு முறை, பதிவு செய்ய வேண்டும். வரைபடத்தில் மூன்று வடிவங்கள் தோன்றலாம்.

(அ) தொடக்கத்தில் ஏறிப் பின் சமநிலை அடைதல். இது நோயன்று. சேவை தனக்கு வேண்டிய அகராதி, அட்டவணை முதலியவற்றை ஏற்றிக்கொண்டது எனப் பொருள்.

(ஆ) பகலில் ஏறி இரவில் இறங்குதல். இது பணிச்சுமையின் நிழல்.

(இ) ஏறுதலும் இறங்குதலும் இருந்தாலும், ஒவ்வொரு இறக்கத்தின் அடிமட்டமும் முந்தியதைவிட உயர்ந்து செல்லுதல். இதுவே தூர்வின் குறி.

நோக்க வேண்டியது உச்சியை அன்று, அடிமட்டத்தை. கோடையில் நீர் வற்றியபின் தெரியும் மண்மேடே ஏரி தூர்ந்த அளவைக் காட்டும் என்பது இங்கும் பொருந்துகிறது.

மற்றுமொரு எச்சரிக்கை தேவை. நினைவகம் தீரும் நிலையில் லினக்ஸின் கெர்னல் ஒரு செயல்முறையைத் தேர்ந்து நிறுத்திவிடும். தேர்வு பெரும்பாலும் மிகுந்த நினைவகம் கொண்டிருப்பதன்மேல் விழும். அது நோயுற்ற சேவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. தரவுத்தளம் இயல்பாகவே பெரியது. அருகில் சிறியதொரு சேவை தூர்ந்துகொண்டிருக்க, நிறுத்தப்படுவது தரவுத்தளமாக இருக்கலாம். வீழ்ந்ததையே குற்றவாளியாகக் கொண்டு ஆராய்வது வீண் முயற்சியாகும்.

5.2 நோய்முதல் அறிதல்

செயல்முறை உறுதியானபின், அதனுள் எது படிகிறது என்று காண வேண்டும். இதற்கு நினைவகப் படம் எடுத்து ஒப்பிடும் முறை பயன்படுகிறது. சேவை சமநிலை அடைந்தபின் ஒரு படமும், சில மணி நேரம் கழித்து ஒன்றும், மேலும் அதே இடைவெளியில் ஒன்றும் எடுக்கப்படுகின்றன. முதலிரண்டின் வேறுபாட்டிலும் பின்னிரண்டின் வேறுபாட்டிலும் ஒருசேர வளர்ந்துள்ள பொருள்வகை ஐயத்துக்குரியது. ஒரே நூலின் இரு படிகளை ஒத்திட்டுப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியர் முறைக்கு இது நெருங்கியது.

சி, சி++ மொழி நிரல்களுக்கு வால்கிரின்ட் என்னும் கருவி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. நிரல் முடியும்போது விடுவிக்கப்படாது எஞ்சிய இடங்களை அது நால்வகையாகப் பிரித்துக் காட்டுகிறது: உறுதியாக இழந்தவை, இழந்தவற்றின் வழியாக மட்டுமே எட்டக்கூடியதால் தாமும் இழந்தவை, இழந்திருக்கக்கூடியவை, இன்னும் எட்டக்கூடியவை. முதலிரண்டும் பிழை என்பதில் ஐயமில்லை. நான்காவது வகையைப் பலர் தீங்கற்றது எனக் கடந்துசெல்கின்றனர். ஆனால் மேலே கூறிய இரண்டாம் வகைத் தூர்வு, பயன் முடிந்தும் விடப்படாதது, இந்நான்காவதிலேயே மறைந்திருக்கிறது. ‘இழத்தல்’ என்னும் சொல்லால் சிந்திப்பவர் இதைத் தவறவிடுவார். ‘தூர்தல்’ என்னும் சொல்லால் சிந்திப்பவர் தவறவிடமாட்டார்.

பொருள்வகை தெரிந்தபின், அதைக் கொண்டுவரும் வரத்து வாய்க்காலைக் கண்டறிய வேண்டும். இதற்கு எண் பொருத்தம் துணைசெய்கிறது. சோதனைக் கணினியில் சேவையிடம் ஒரே கோரிக்கையை 1000 முறை விடுத்து, எஞ்சிய பொருள்களை எண்ணினால், எண்ணிக்கை 1000 ஆகவோ அதன் மடங்காகவோ இருப்பின், அக்கோரிக்கையே வாய்க்கால் எனக் கொள்ள வலுவான அடிப்படை கிடைக்கிறது. வெற்றி பெறும் கோரிக்கை, பிழையான உள்ளீடு, நடுவில் அறுந்த இணைப்பு, மறுமொழி தராத கணினி என ஒவ்வொரு வழியையும் தனித்தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். வட வர்ஜீனியா நிகழ்வில் நேர்வழியை மட்டும் ஓட்டியிருந்தால் பிழை என்றுமே அகப்பட்டிராது.

5.3 தணிக்கும் வழி

மறுதொடக்கம், எல்லை வகுத்தல், திருத்தம் என வழிகள் மூன்று. மறுதொடக்கம் தூர் வாருவதற்கு நிகர். அது வேண்டாததன்று, சேவை நிற்கும் முன் குறித்த நேரத்தில் மறுதொடக்கம் செய்வது, பயனர்க்கு இடையூறு குறைக்கும் தற்காப்பு. ஆனால் அதனால் சான்று அழிகிறது என்பதை மறத்தல் கூடாது. மறுதொடக்கத்துக்கு முன் ஒரு நினைவகப் படத்தையேனும் எடுத்து வைப்பது நோய்நாடுபவரின் கடமை.

எல்லை வகுத்தல், ஒரு சேவை இவ்வளவுக்கு மேல் நினைவகம் பெறலாகாது என இயக்குதளத்தின் வழியே வரையறுத்தல். லினக்ஸில் சிஸ்டம்டி வழியே ஒவ்வொரு சேவைக்கும் இவ்வெல்லை இடலாம். அப்போது தூர்ந்த சேவையே நிறுத்தப்படும். அயலிலுள்ள தரவுத்தளம் காக்கப்படும். 2012 நிகழ்வுக்குப்பின் அமேசான் அறிவித்த மாற்றங்களுள், முதன்மை குறைந்த பின்னணி நிரல்களுக்கு இத்தகைய எல்லை இடுதலும் ஒன்று.

திருத்தம் என்பது நீர்ப்பிடிப்பிலேயே மண்ணரிப்பைத் தடுப்பதற்கு ஒப்பு. ஒவ்வொரு நினைவக இடத்துக்கும் உரியவர் யார், எந்நிலையில் அவர் அதை விடுவிப்பார் என்பதை நிரலின் அமைப்பிலேயே உறுதிசெய்தல், தோல்வி வழிகளுக்கும் விடுவிப்பை எழுதுதல், சேமிப்புப் பட்டியல்களுக்கு மேல்வரம்பு இடுதல் ஆகியன இதன்பாற்படும். திருத்தியபின் அதே 1000 கோரிக்கைச் சோதனையை மீண்டும் நடத்தி, அடிமட்டம் கிடையாக நிற்பதைக் கண்ட பின்னரே நோய் தணிந்ததெனக் கூறலாம்.

6. தமிழ்ச் சொல்வடிவச் சேமிப்பு: மொழியமைப்பால் நேரும் இடர்

இதுவரை கூறியவை எம்மொழிச் சேவைக்கும் பொதுவானவை. தமிழின் ஒட்டுநிலை அமைப்பால் மிகும் ஓர் இடரைத் தனியே சுட்ட வேண்டியுள்ளது.

உருபனியல் பகுப்பாய்வுச் சேவை ஒன்றைக் கருதலாம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்னும் சொல்வடிவத்தைப் பகுத்து விடையளிக்கக் காலம் பிடிக்கிறது. அதே வடிவம் மீண்டும் வந்தால் உடனே விடை தருவதற்காக, பகுத்த முடிவைச் சேவை தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. நல்ல உத்தியே. சொல்வடிவங்கள் குறைந்த ஆங்கிலம் போன்ற மொழிக்கு எழுதப்பட்ட சேவையில், இப்பட்டியலின் வளர்ச்சி விரைவில் மெதுவாகிவிடும்; மேல்வரம்பு இல்லாத குறை நெடுநாள் தெரியாது. தமிழில் ஒரு வினையடி காலம், இடம், எண், பால், எச்சம், வினையாலணையும் பெயர், வேற்றுமை, இடைச்சொல் எனச் சேர்ந்து ஆயிரக்கணக்கான வடிவங்களைத் தரவல்லது. சந்தி அதனை மேலும் பெருக்குகிறது. எனவே புதிய உரை வர வர, முன் கண்டிராத வடிவங்கள் வந்துகொண்டேயிருக்கும். வளர்ச்சி எளிதில் சமநிலை அடையாது.

ஒரு கணக்கீட்டை எடுத்துக்காட்டாக அமைக்கலாம். ஒரு சொல்வடிவமும் அதன் பகுப்பும் சேர்ந்து 200 பைட்டு கொள்வதாகவும், நொடிக்குப் புதிய வடிவங்கள் 10 வருவதாகவும் கொண்டால், நொடிக்கு 2000 பைட்டு சேர்கிறது. ஒரு நாளின் 86,400 நொடிகளில் இது 17,28,00,000 பைட்டு, அதாவது ஏறத்தாழ 173 மெகாபைட்டு. சேவைக்கு 4 கிகாபைட்டு ஒதுக்கப்பட்டிருப்பின், 23 நாளில் அது நிரம்பும். மூன்று வாரத்துக்கொரு முறை காரணம் தெரியாமல் நிற்கும் சேவையின் உட்கதை இவ்வாறு இருக்கக்கூடும்.

இங்கு எதுவும் இழக்கப்படவில்லை, எல்லாம் எட்டக்கூடியதே. குப்பை சேகரிப்பானுக்கு இது குப்பையன்று. எந்த நிரலரும் விடுவிக்க மறக்கவுமில்லை. ஆயினும் ஒருமுறை வந்து மறுபடி வராத சொல்வடிவங்களால் நினைவகம் தூர்கிறது. அரிதாக வருவதை நீக்கி அண்மையில் வந்ததை வைத்திருக்கும் வகையில் பட்டியலுக்கு மேல்வரம்பு இடுவதே மருந்து. அவ்வரம்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தமிழ்ச் சொல்வடிவங்களின் பரவலை அறிந்தவர் வேண்டும். தொழில்நுட்பர் தனியே தீர்க்க இயலாத, தமிழாய்வாளர் தனியே தீர்க்கவும் இயலாத இடம் இது.

முடிவுரை

சோழர்காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் என ஒரு தனி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. ஏரியைத் தோண்டுவதோடு பணி முடிவதில்லை, அதை ஆண்டுதோறும் பேணுதலும் பொறுப்புள்ளவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டிய பணி என்னும் அறிவு அதில் உள்ளது. மின்தரவகங்களை உருவாக்குவதில் காட்டும் ஊக்கம் அவற்றைப் பேணுவதிலும் வேண்டும் என்பதற்கு இதுவே போதிய முன்மாதிரி.

இவ்வாய்வின் முடிபுகள் பின்வருமாறு தொகுத்துரைக்கப்படுகின்றன.

1. ‘நினைவகக் கசிவு’ பயன் ஒன்றால் மட்டும் பொருந்தும் உவமச் சொல். வினையாலும் மெய்யாலும் அது பொருந்தவில்லை. ‘நினைவகத் தூர்வு’ மூன்றாலும் பொருந்துகிறது.

2. கசிவு என்னும் சொல் வழக்கில் வேரூன்றிவிட்டதால் அதனை நீக்க வேண்டியதில்லை. பாடநூல்களிலும் கலைச்சொல் அகராதிகளிலும் அச்சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் ‘தூர்வு’ இடம்பெறுதல் தகும். தகவல் கசிவினின்று இதனை வேறுபடுத்திக் காட்ட அது உதவும்.

3. தூர்வு காலத்தால் வளர்வதன்று. ஏதேனும் ஒரு நிகழ்வின் எண்ணிக்கையால் வளர்வது. அந்நிகழ்வைக் கண்டறிதலே நோய்நாடலின் மையம் என்பதை 1992, 2012 நிகழ்வுகள் உறுதிப்படுத்துகின்றன.

4. மறுதொடக்கம் தற்காப்பாகலாம், மருந்தாகாது. சான்றைப் பதிவு செய்யாது செய்யும் மறுதொடக்கம் நோயை நீட்டிக்கிறது.

5. தமிழின் சொல்வடிவப் பெருக்கம், மேல்வரம்பற்ற சேமிப்புப் பட்டியல்களில் தூர்வை விரைவுபடுத்துகிறது. தமிழ்மொழிச் செயலாக்கச் சேவைகளை வடிவமைக்கும்போது இவ்வரம்பை மொழியியல் அடிப்படையில் வகுத்தல் இன்றியமையாதது. இத்திசையில் தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் இணைந்து மேற்கொள்ளும் ஆய்வுகளுக்கு இடமுள்ளது.